கொட்டாஞ்சேனைக்குப் போன என் படிவம்

கொழும்பில் இறங்கிய முதல் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளவத்தையில் நான் தங்கவேண்டிய வீட்டுக்காரம்மா தேநீர் தருவதற்கு முன்னால் என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். பொலிஸில் பதிய வேண்டுமாம். ஒரு ராத்திரி தங்கினாலும் பேர், ஊர், எதற்கு வந்தது, எத்தனை நாள் இருப்பது எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வந்தவர்களுக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தண்ணியும் தாறன். முதல் பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்தது. மருந்துக்கும் விசாவுக்கும் என்று தெற்கே வந்த தமிழர்கள் திரும்பிப் போக முடியாமல் கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். இந்த நேரத்தில் அங்கே எதற்குப் போகிறாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மாணவர்கள் கூப்பிடுகிறார்கள், போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

நான் இருபத்திரண்டு வருடமாகச் சமூகப்பணி கற்பிப்பவள். கொழும்பில் மருத்துவம் படிக்கும் சில பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன இலவச மருத்துவ நிலையத்தில் புது முயற்சி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். டொக்டர் வெள்ளைத் துண்டில் மாத்திரை எழுதுவார். அதோடு மாணவர்கள் ஒரு மஞ்சள் துண்டும் கொடுப்பார்கள். அதில் மாத்திரை இருக்காது. வியாழக்கிழமைப் பாட்டு வகுப்புக்குப் போகவும், கோயிலில் மாலை கட்டப் போகவும், தையல் பழகவும், கூட்டாக நடக்கவும் என்று இருக்கும். தனிமையும் கவலையும் உடம்பைக் கெடுக்கும்போது அதற்கு ஆட்களைத்தான் மருந்தாக எழுத வேண்டும் என்பது இதன் கொள்கை. சமூகப் பரிந்துரை என்று இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. பிள்ளைகள் 'மற்றத் துண்டு' என்று சொன்னார்கள்.

துண்டு எழுதுமுன் நோயாளியின் வீட்டு நிலைமை தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக என் படிவத்தைக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு பக்கம், முப்பத்தொரு கேள்வி. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ ஊர்களில் வீடு வீடாகக் கேட்டுத் தேறிய படிவம்; ஊர்ப் பெயரை மட்டும் கொழும்பு என்று மாற்றியிருந்தேன். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் இடியப்பமும் சம்பலும் சொதியும் வந்தன. திருநெல்வேலிக்காரியிடம் சொதி என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரு தரம் வேண்டும். எங்களுக்குச் சொதி கல்யாணத்து மறுநாள் விருந்து; முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதக்கும், கூடவே இஞ்சித் துவையல் இருக்கும். இங்கே மஞ்சள் தண்ணீர் மாதிரி ஒன்றைத் தினமும் காலையில் ஊற்றுகிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி, வரிசையில் நடக்கவிட்டு, அப்பால் மறுபடி ஏற்றுவார்கள். என் பையைத் திறந்த சிப்பாய்ப் பையன் இருநூறு படிவங்களைக் கண்டு திகைத்துப்போய்த் தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டான். அவர் உரக்க வாசித்தார். பெயர். அடையாள அட்டை இலக்கம். நிரந்தர முகவரி. கொழும்புக்கு வந்த நாள். வந்த காரணம். எத்தனை நாள் தங்குவீர். வீட்டில் வேறு யார், அவர்கள் இப்போது எங்கே. பையன் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். நீங்களும் பொலிஸுக்கா வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறான் என வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னாள். நான் சிரித்து வைத்தேன். அந்த வரிசையில் சிரித்தவள் நான் ஒருத்திதான்.

சிரித்து முடிப்பதற்குள் பஸ் என் குடையோடு போய்விட்டது. த்ரீவீலர்காரர் கொட்டாஞ்சேனை என்று தலையாட்டி ஏற்றி, கொச்சிக்கடைத் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு, இங்கிருந்து நடந்தால் நல்லது என்று கையைக் காட்டினார். யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டு, படிவப் பையை மட்டும் சேலைக்குள் பொத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மருத்துவ நிலையம் என்பது ஒரு நீள அறையும் ஒரு மின்விசிறியும்தான். துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள், ஜிந்துப்பிட்டிப் பெண்கள், வடக்கிலிருந்து வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்று வாங்கு எனப்படும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உதவியாக இரண்டு மாணவர்கள். தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண், வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள். நிமல் கிருலப்பனையில் இருக்கும் சிங்களப் பையன். தமிழில் அவனுக்கு நாற்பது சொல் தெரியும். அந்த நாற்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பார்ப்பான்.

மற்றத் துண்டின் பெருமையை அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒருவர் வந்தார். பாட்டு வகுப்புக்குப் போகச் சொன்ன மஞ்சள் துண்டை அவர் மருந்துக் கடையில் நீட்டியிருக்கிறார். நிமலின் கையெழுத்துப் புரியாத கடைக்காரர் விட்டமின் மாத்திரை கொடுத்திருக்கிறார். இப்போது நல்ல சுகம், இன்னும் ஒரு துண்டு வேண்டும் என்றார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

பரமேஸ்வரியை அன்றுதான் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர், ஐம்பத்தெட்டு வயது. எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. சட்டை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. நித்திரை வருவதில்லை, சோறு இறங்குவதில்லை என்று வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார். ஒவ்வொரு முறையும் எடை குறைகிறது. அவர் போன பிறகு டொக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். நித்திரை மாத்திரையைக் கூட்டத் தனக்கு மனமில்லை, ஆனால் இப்படியே இளைத்தால் வார்ட்டில் போடுவதைத் தவிர வழியில்லை, நீங்கள் ஏதாவது செய்து பாருங்கள் என்றார். சரி, இவரைச் சாப்பிட வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு இருந்தது ஏழு நாள்.

மூன்றாம் நாள் வீடு வீடாகப் போனோம். கிளம்பும்போது தர்ஷினி, "மிஸ், இந்தக் கேள்வியளைக் கொஞ்சம் மாத்துவமோ?" என்று மெதுவாகக் கேட்டாள். நடுவழியில் கேள்வியை மாற்றினால் ஆய்வு என்னாவது என்று அவளுக்குக் கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். பிள்ளை படிவங்களை எண்ணி அடுக்கத் தொடங்கியது.

அன்று மாலைக்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கேட்ட வீடுகளில் எல்லாம் ஒரே பதில். எல்லோரும் சுகம். எல்லோரும் மருந்துக்கு அல்லது விசாவுக்கு வந்தவர்கள். எல்லோரும் இன்னும் இரண்டு கிழமையில், அதாவது இரண்டு வாரத்தில், போய்விடுவார்கள். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள்கூட இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊரில் இதே கேள்வியைக் கேட்டால் மாமியாரில் தொடங்கி மாடு வரைக்கும் புலம்பல் வந்து சேரும். எழுத இடம் போதாது. நீங்கள் இருவரும் பதிலை எடுத்துக் கொடுக்கிறீர்களா என்று மாணவர்களிடமே எரிந்து விழுந்தேன்.

பரமேஸ்வரியின் அறை ஒரு ஒழுங்கையின், எங்கள் ஊர்ச் சொல்லில் சந்தின், கடைசியில் இருந்தது. அவரும் தடங்கல் இல்லாமல் சொன்னார். கணவர் இருதய வருத்தத்துக்கு மருந்து எடுக்க வந்தவர். தான் துணைக்கு வந்தவர். கணவர் இப்போது கிளினிக்குக்குப் போயிருக்கிறார். இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம். நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். பக்கத்து அறைப் பெண் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் அவரை நிலையத்துக்கு வரச் சொல்லி, அவருடைய மஞ்சள் துண்டை நானே எழுதினேன். இருதய நோய்க்காரருக்கும் நடை நல்லது, நித்திரை இல்லாதவருக்கும் நடை நல்லது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 'தினமும் மாலையில் கணவருடன் அரை மணி நேரம் நடக்கவும்' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். பரமேஸ்வரி வாசித்தார். நன்றாக நாலாக மடித்தார். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். டொக்டரையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவர் வரவேண்டிய நாள். வரவில்லை. பத்து மணி, பதினொரு மணி, மின்விசிறியும் நின்றுவிட்டது. மூன்று பேரும் அவர் அறைக்குப் போனோம். கதவில் பூட்டு. பக்கத்து அறைப் பெண் வெளியே வந்தாள். பெயர் செலின், புருஷன் துறைமுகத்தில் வேலை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தே கேட்டாள்.

"நீங்கதானே அந்த ஃபோமை கொண்டாந்தது? நேத்தே போயிட்டாங்க. இப்ப சந்தோஷமா?"

எங்கே என்றேன். வெள்ளவத்தைப் பக்கம், யாரோ தூரத்துச் சொந்தக்காரர் அறையாம், அதற்கு மேல் தெரியாது என்றாள். கணவரையும் கூட்டிக்கொண்டா போனார் என்று கேட்டேன். அவள் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது.

"அந்த மனுஷன் செத்து ரெண்டு மாசம் ஆச்சு, மிஸ்."

நிமலுக்கே அது புரிந்துவிட்டது. அவன் கையில் இருந்த மஞ்சள் துண்டுக் கட்டைப் பைக்குள் வைத்தான்.

செலின் மீதியைச் சொன்னாள். பொலிஸில் பதிந்தது இருவர் பெயரில். காரணம், கணவருக்கு வைத்தியம். அவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், இங்கேயே எரித்தாயிற்று. இப்போது, உனக்கு என்ன வேலை, ஏன் இன்னும் இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்லக் காரணம் இல்லை. போகவும் பாதை இல்லை. அதனால் பொட்டை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் பழைய பதிலையே சொல்லிவந்திருக்கிறார். படிவத்தோடு வந்த என்னைப் பதிவுக்கு வந்தவள் என்றே நினைத்திருக்கிறார். பிறகு கணவருடன் நடக்கவும் என்று கையெழுத்தோடு ஒரு கடிதாசி வந்ததும், அடுத்ததாகக் கணவரைக் காட்டு என்று கேட்டு வருவார்கள் என நினைத்து ஓடிவிட்டார். அதுவரைக்கும் ராத்திரி ஒரு வாய் சோறாவது செலின் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்திருக்கிறாள். அந்த ஒரு வாயையும் என் படிவம் கெடுத்துவிட்டது.

திரும்பும்போது தர்ஷினியிடம் கத்தினேன். நீ யாழ்ப்பாணத்துப் பெண்ணாயிற்றே, பதிவுக் கேள்விகள் மாதிரி இருக்கின்றன என்று நேராகச் சொல்லக்கூடாதா? அவள் சொன்னாள். "மாத்துவமோ எண்டு கேட்டனான் மிஸ். நீங்கள் கோவிச்சனீங்கள். பெரிய ஆக்கள் செய்தது, சரியா இருக்கும் எண்டு விட்டிட்டன்." என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று கொத்துரொட்டியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் ஒருவரைத் தேடுவது எப்படி? என் யோசனைகள் எல்லாம் முட்டாள்தனமானவை. தர்ஷினியின் யோசனை எளிமையானது. பரமேஸ்வரிக்கு ஒரே மகன், நோர்வேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க எல்லோரும் கொமியூனிகேஷனுக்குத்தான் வருவார்கள். அதாவது கண்ணாடிக் கூண்டுகள் வைத்த தொலைபேசிக் கடை. ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலையில் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். எட்டாவது கடையில் முதலாளி எங்களைச் சந்தேகமாகப் பார்த்து யாரைத் தேடுகிறீர்கள் என்றார். யாரையும் இல்லை என்று நான் சொன்ன வேகத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

ஒன்பதாவதில் இருந்தார். கூண்டுக் கதவு சரியாக மூடவில்லை. "ஓம் தம்பி. சாப்பிட்டனான். வடிவா நித்திரை கொள்ளுறனான். நீ யோசியாதை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் படிவத்துக்குச் சொன்ன அதே குரல். வெளியே வந்து என்னைக் கண்டதும் கையிலிருந்த பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

தர்ஷினி அவருடைய முழங்கையைப் பிடித்து, "அன்ரி, இவ பொலிஸ் இல்லை. இந்தியாவில இருந்து வந்த ரீச்சர். பிழையாக் கேட்டுப்போட்டா" என்றாள். என் வாழ்நாளில் என்னை அறிமுகப்படுத்தியவர்களில் அவள்தான் உண்மையைச் சொன்னவள்.

பக்கத்துச் சைவக் கடையின் பின்மேசையில் உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீரைத் தொடவில்லை, வடையைப் பார்க்கவும் இல்லை. கடைசியில் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மரணச் சான்றிதழ். "இது சிங்களத்தில கிடக்கு. கையெழுத்து வைக்கச் சொன்னவை, வைச்சன். என்ன எழுதியிருக்கு எண்டு ரெண்டு மாசமா எனக்குத் தெரியாது. ஆரிட்டக் காட்டுறது?" என்றார்.

நிமலுக்குத் தொலைபேசி எடுத்தோம். கிருலப்பனையில் இருந்து வர இருபது நிமிடம் போதும். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். வழியில் த்ரீவீலர் பழுதாகித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான், இரண்டு கையும் கறுப்பு. கையைக் கழுவிவிட்டு வந்து சான்றிதழை எடுத்தான். அவன் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் வாசிக்க, தர்ஷினி தமிழில் சொன்னாள். இறந்த திகதி. இடம். பெயர், சிவகுரு நடராசா. வயது அறுபத்து மூன்று. இனம், இலங்கைத் தமிழர். பரமேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

தொழில் என்ற இடத்தில் தர்ஷினி நின்றாள்.

"என்ன பிள்ளை?"

"இல்லை எண்டு போட்டிருக்கு, அன்ரி."

"என்ன இல்லை?"

"தொழில் இல்லையாம்."

பரமேஸ்வரி நிமிர்ந்தார். "முப்பத்தொரு வருஷம் கணக்குப் படிப்பிச்ச மனுசன். நடராசா வாத்தியார் எண்டால் கோண்டாவிலில கேட்டுப் பாருங்கோ. ஆர் எழுதினது இல்லை எண்டு?" மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர் என் சேலையில் கொட்டியது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மலர்ச்சாலைக்காரர், அதாவது இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்பவர், ஒருவர்தான் உதவி செய்கிறேன் என்று எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. அந்த உதவிக்காரரை அவர் ஐந்து நிமிடம் திட்டினார். இத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

திருத்தலாம் என்றான் நிமல். ஆனால் அதற்கு அலுவலகத்தில் போய், கணவர் இறந்துவிட்டார் என்று அவரே சொல்ல வேண்டும். அதைத்தானே அவர் இத்தனை நாள் மறைத்திருந்தார்? தர்ஷினி டொக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பரமேஸ்வரி தன் நோயாளி, இங்கே இருந்து மருந்து எடுக்க வேண்டியவர் என்று நாளைக் காலையே கடிதம் தருகிறேன் என்றார் டொக்டர். அதை வைத்து அவர் பெயரிலேயே புதிதாகப் பதியலாம். செலினுக்கும் சொல்லி அனுப்பினோம். பூட்டின அறையைத் திறந்து கூட்டி வைக்கிறேன், ஆனால் அந்த ஃபோம் மிஸ்ஸை உள்ளே விடமாட்டேன் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை டொக்டரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு நால்வரும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அடுத்த நாள் எனக்கு விமானம். வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. முன்னால் நின்றவர் தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு இப்போதுதான் இங்கே வந்தாராம். எங்கள் தாலுகா அலுவலகத்தையே தூக்கிக் கடல் கடந்து வைத்தது போல இருந்தது. மனசு லேசாக வீட்டு ஞாபகத்தில் போனது.

எங்கள் முறை வந்ததும் சிங்களத்தில் பேச நிமல் முன்னால் போனான். பரமேஸ்வரி அவன் சட்டைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கவுண்டருக்குள் குனிந்து தமிழிலேயே சொன்னார்.

"என்ர மனுசன் செத்துப்போனார். ரெண்டு மாசமாகுது. அவர் வாத்தியார். இதில இல்லை எண்டு எழுதிக் கிடக்கு. மாத்தித் தாங்கோ."

மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். எழுத்தர் நிமலைப் பார்த்தார், நிமல் மொழிபெயர்த்தான். ஆதாரம் வேண்டும் என்றார் எழுத்தர். அவர் சொல்லி முடிப்பதற்குள் கணவரின் ஓய்வூதிய அட்டை கவுண்டரில் விழுந்தது. எழுத்தர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சரி, ஆனால் கையெழுத்து வைக்கும் அதிகாரி சாப்பாட்டுக்குப் போய்விட்டார், இரண்டு மணிக்கு வாருங்கள் என்றார். மணி அப்போது பன்னிரண்டு ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறவர் எந்த ஊர்க்காரர் என்று நான் தொடங்கினேன். நிமல் என் கையைப் பிடித்து வாங்குக்குக் கூட்டிப்போனான்.

பரமேஸ்வரி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தார். உறையை மடியில் வைத்து, கால்களை நீட்டிக்கொண்டார். போகப்போவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "மிஸ், பக்கத்தில கடை ஏதும் இருந்தால் பணிஸ் வாங்கிக்கொண்டு வாறீங்களே? எனக்கு ரெண்டு" என்றார்.

பணிஸ் என்பது எங்கள் ஊர் பன். பரமேஸ்வரி சைவம்; முதல் கடையில் மீன் பணிஸ்தான் இருந்தது. இரண்டாவதில் சீனிச் சம்பல் பணிஸ். அதற்குள்ளும் மாசிக் கருவாடு இருக்கும் என்று தர்ஷினி எச்சரித்திருந்தாள். சைவக்காரருக்கு இந்த ஊரில் ஒரு பணிஸ் கிடைக்க எத்தனை தெரு நடக்க வேண்டும் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வெயிலில் போனேன். மூன்றாவது கடையில் ஜாம் பணிஸ் இருந்தது. ஆறு வாங்கினேன்.

திரும்பி வந்தபோது மூவரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். பரமேஸ்வரி ஒன்றை எடுத்துப் பிய்த்துச் சாப்பிட்டார். இரண்டாவதையும் எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, நடராசா வாத்தியார் வகுப்பில் பிழை விட்ட பிள்ளைகளை எப்படித் திட்டுவார் என்று நிமலுக்குச் சொல்லத் தொடங்கினார். அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டு மணி தாண்டியும் கவுண்டர் திறக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, சொல்லிக்கொண்டே இருந்தார்.